பாதப் பயிற்சி: படம் மட்டும் போதாது, முறையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில் குதிகால் வலிக்கும் கால்விரல் இறுக்கத்துக்கும் பயிற்சிப் படங்கள் அடிக்கடி வருகின்றன. சுவரில் கை ஊன்றி நிற்கும் ஒருவர், துண்டை விரலால் சுருட்டும் ஒரு பாதம், தண்ணீர் பாட்டிலை உருட்டும் ஒரு கால். கீழே ‘தினமும் பத்து நிமிடம் செய்யுங்கள்’ என்று ஒரு வரி. படங்களில் தவறில்லை. ஆனால் முழங்கால் நீண்டிருக்க வேண்டுமா, மடங்கியிருக்க வேண்டுமா? விரலை நுனியில் பிடிப்பதா, அடியில் பிடிப்பதா? காலையில் எழுந்து நடப்பதற்கு முன்பா, பின்பா? யார் செய்யவே கூடாது? இவை எதுவும் அந்த ஒரு வரியில் இல்லை. பயிற்சி பலிப்பதும் பலிக்காததும் இந்த விவரங்களில்தான் இருக்கிறது. ஒரு மாதம் தப்பாகச் செய்துவிட்டு, ‘எக்சர்சைஸ் எல்லாம் நமக்குச் சரிப்படாது’ என்று வலி ஊசிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். உணர்ச்சி குறைந்த காலில் சுடுதண்ணீர் பாட்டிலை உருட்டிக் கொப்புளத்தோடு வருகிறவர்களும் உண்டு. பிசியோதெரபி துறையில் இருப்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடம் ஒதுக்கி வெளியிட வேண்டுகிறேன்.

எதை நீட்டுகிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும். ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. குதிகால் எலும்பின் அடியில் உட்பக்கமாகத் தொடங்கி, அகன்றுகொண்டே போய், ஐந்து விரல்களின் அடியிலும் பிடித்துக்கொள்ளும் கெட்டியான தசைநார்ப் பட்டை ஒன்று உள்ளங்காலில் இருக்கிறது. நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும் கணத்தில் விரல்கள் மேல்நோக்கி வளைகின்றன. அப்போது கிணற்றுக் கப்பியில் கயிறு சுற்றுவதைப் போல இந்தப் பட்டை விரலடி மூட்டுகளைச் சுற்றி இழுபட்டு, உள்ளங்கால் வளைவைத் தூக்கி நிறுத்துகிறது. இந்த இயக்கத்தை 1954-இல் ஹிக்ஸ் என்பவர் விளக்கினார். விரல்களை, குறிப்பாகப் பெருவிரலை, மேல்நோக்கி வளைக்காமல் அந்தப் பட்டையை முழுதாக நீட்ட முடியாது என்பது இதிலிருந்தே தெரியும். சுவரில் சாய்ந்து கெண்டைக்காலை மட்டும் நீட்டுபவர்களுக்குக் குதிகால் வலி குறைவது பாதியிலேயே நின்றுவிடுவதன் காரணமும் இதுதான்.

காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் ஊசி குத்துவதுபோல் வலித்து, நடக்க நடக்கக் குறைந்து, நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி குத்தினால், பெரும்பாலும் சிக்கல் இந்தப் பட்டையில்தான். இரவு முழுக்கப் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தே கிடக்கிறது. பட்டையும் கெண்டைச்சதையும் சுருங்கிய நிலையிலேயே இருந்துவிட்டு, எழுந்த கணத்தில் முழு உடல் எடையையும் தாங்கி நீள வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே நைந்திருக்கும் இடம் அப்போதுதான் மறுபடி நோகிறது. எனவே அந்த முதல் அடிக்கு முன்னால் செய்தால்தான் இந்தப் பயிற்சிக்கு முழுப் பலன். பல் துலக்கி, காபி குடித்து, வாசல் தெளித்துவிட்டுச் செய்வதற்குள் நோக வேண்டியது நொந்திருக்கும்.

செய்முறை இப்படி. விழித்ததும் தரையில் கால் ஊன்றாமல் கட்டில் விளிம்பில் உட்காருங்கள். பாயில் படுப்பவர்கள் சுவரில் முதுகைச் சாய்த்து அங்கேயே உட்காரலாம். வலது கால் வலிக்கிறது என்றால், அதைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். வலது கையால் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடியுங்கள். நுனியில் பிடிக்காமல், விரல்கள் பாதத்தோடு சேரும் மூட்டை ஒட்டிப் பிடிக்க வேண்டும். பாதம் முழுவதையும் முழங்காலின் பக்கமாக மேல்நோக்கி மடக்கியபடியே விரல்களைப் புறங்கால் பக்கம் இழுங்கள். இப்போது இடது கைக் கட்டைவிரலால் உள்ளங்கால் வளைவைத் தடவிப் பாருங்கள். தொளதொளவென்று இருந்த பட்டை விறைத்துக் கையில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் இழுப்பு சரியில்லை என்று அர்த்தம். பத்து எண்ணும்வரை பிடித்து, விட்டு, மறுபடி இழுங்கள். இப்படிப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. எழுந்தவுடன் ஒரு வேளை கட்டாயம். மற்ற இரண்டையும் நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழப்போகும் சமயங்களில் வைத்துக்கொள்ளலாம்.

இதில் வழக்கமாக நேரும் தவறுகள் இரண்டு. விரல் நுனிகளைப் பிடித்து இழுத்தால் நுனி மூட்டுகள்தான் வளையும், பட்டை அசையாது. பாதத்தைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு விரல்களை மட்டும் இழுத்தாலும் பாதிப் பலன்தான். காலைத் தொடைமேல் போட முடியாத வயதானவர்களும் உடல் பருத்தவர்களும் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு நீளத் துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி இரு கைகளாலும் இழுக்கலாம். துண்டு விரல்களையும் சேர்த்து அணைத்திருக்க வேண்டும். விரல்களுக்குக் கீழே சதைப்பற்றான பகுதியில் மட்டும் மாட்டினால், அது கெண்டைக்கால் பயிற்சியாக மாறிவிடும்.

அமெரிக்காவில் ரோச்சஸ்டரைச் சேர்ந்த டிஜியோவானி குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து மாதங்களுக்கு மேலாகக் குதிகால் வலியால் அவதிப்பட்டவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்தப் பயிற்சியையும் மறு பிரிவுக்குக் கெண்டைக்கால் நீட்டலையும் கொடுத்தார்கள். எட்டு வாரங்களில் முதல் பிரிவினருக்கே கூடுதல் நிவாரணம் கிடைத்தது. எட்டு வாரம் என்பதைக் கவனியுங்கள். எட்டு நாளில் மாயமாக மறையும் என்று யாருக்கும் நம்பிக்கை கொடுக்கக் கூடாது.

அதற்காகக் கெண்டைக்காலை விட்டுவிட முடியாது. அங்கே இரண்டு சதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே இருப்பது முழங்காலைத் தாண்டித் தொடை எலும்பில் தொடங்குகிறது. அடியில் இருப்பது முழங்காலுக்குக் கீழேயே தொடங்குகிறது. இரண்டும் ஒரே நாணாகச் சேர்ந்து குதிகாலின் பின்புறத்தில் இணைகின்றன. முழங்காலை நீட்டி வைத்தால் மேல்சதை நன்றாக இழுபடும். மடக்கினால் மேல்சதை தளர்ந்து இழுப்பு அடிச்சதைக்குப் போகும். ஒரே படத்தைப் போட்டு ‘கெண்டைக்கால் பயிற்சி’ என்று முடித்துவிட்டால் ஒன்று விடுபட்டுப்போகிறது.

சுவரைப் பார்த்து நின்று இரு கைகளையும் தோள் உயரத்தில் ஊன்றுங்கள். நீட்ட வேண்டிய காலை ஒரு நல்ல எட்டுப் பின்னால் வையுங்கள். பின்னங்காலின் குதி தரையில் அழுந்தியிருக்கட்டும், முழங்கால் நேராக இருக்கட்டும், பாத விரல்கள் சுவரை நேராகப் பார்க்கட்டும். முன்காலின் முழங்காலை மெல்ல மடக்கி இடுப்பைச் சுவர்ப் பக்கம் கொண்டுபோங்கள். கெண்டைக்காலின் மேல்பாதியில் இழுப்பு தெரியும். 30 நொடி பிடித்து விடுங்கள், மூன்று முறை. பிறகு பின்காலை அரை அடி முன்னால் கொண்டுவந்து, குதி எழும்பாமல் அந்த முழங்காலையும் மடக்குங்கள். இப்போது இழுப்பு கீழே இறங்கிக் குதிகால் நாணுக்கு அருகில் தெரியும். அதுவும் 30 நொடி, மூன்று முறை.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, பின்கால் பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிவிடுவது. இறுக்கம் உள்ளவர்களுக்கு உடலே இப்படி ஒரு குறுக்கு வழியைத் தேடிக்கொள்கிறது. பாதம் திரும்பியதும் எடை உள்வளைவின் மேல் விழுந்து வளைவு தட்டையாகிறது. கெண்டைச்சதை நீளாமல் பாதத்தின் நடு மூட்டுகள்தான் வளைகின்றன. நீட்டியதாகத் தோன்றும், நீண்டிருக்காது. தட்டைப் பாதம் உள்ளவர்கள் கைக்குட்டையை மடித்து உள்வளைவுக்கு அடியில் வைத்துக்கொண்டு செய்தால் இது நடக்காது. இன்னொரு தவறு, துள்ளித் துள்ளி அழுத்துவது. சட்டென்று இழுக்கப்படும் சதை தற்காப்பாகச் சுருங்கத்தான் பார்க்கும். இழுப்பு பின்னால் தெரியாமல் கணுக்காலின் முன்புறத்தில் ஏதோ நசுங்குவதுபோல் வலித்தால், தடை சதையில் இல்லை, மூட்டில் இருக்கிறது. அப்போது மேலும் அழுத்துவது வீண் வேலை. மூட்டைப் பார்த்துச் சிகிச்சை தர வேண்டும்.

முன்னேற்றத்தை அளக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. சுவரைப் பார்த்து நின்று, குதி எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பாதத்தைச் சிறிது சிறிதாகப் பின்னுக்குத் தள்ளி, முழங்கால் சுவரைத் தொடக்கூடிய கடைசித் தொலைவைப் பெருவிரல் நுனியிலிருந்து சுவர்வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சுமார் 10 செ.மீ. இருந்தால் நல்ல நிலை. இரண்டு கால்களுக்கும் இடையே 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைவான காலுக்குக் கூடுதலாகச் செய்ய வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும்.

குந்தி உட்காரும்போது குதி தரையில் படிகிறதா என்று பார்ப்பதும் இதே சோதனைதான். குந்துவது அடிச்சதைக்கு இயல்பான நீட்டல். முழங்கால் மூட்டு நன்றாக இருப்பவர்கள், வீட்டில் வெஸ்டர்ன் கழிப்பறை வந்துவிட்டது என்பதற்காக அந்தப் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டாம் என்பது என் கருத்து. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் இதற்காகக் குந்த முயல வேண்டாம். மேலே சொன்ன சுவர்ப் பயிற்சியே போதும். இரவில் கெண்டைக்காலில் குறக்களி பிடித்து விழித்துக்கொள்பவர்கள் படுக்கப்போகும் முன் இந்த இரண்டு நீட்டல்களையும் செய்துவிட்டுப் படுத்தால் பலருக்கு அது குறைகிறது.

இனி விரல்கள். இவற்றுக்குத்தான் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. நடக்கும்போது கடைசியாகத் தரையை உந்துவது பெருவிரல். அதற்கு அதன் அடிமூட்டு மேல்நோக்கி ஏறத்தாழ 60 டிகிரியாவது வளைய வேண்டும். வளையாதவர்கள் பாதத்தின் வெளிவிளிம்பில் சாய்ந்தோ, காலை வெளிப்பக்கம் திருப்பியோ நடக்கப் பழகிவிடுகிறார்கள். அதன் சுமை கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் போகிறது. ஒரு கையால் பெருவிரலின் அடிமூட்டுக்குப் பின்னால் பாதத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் விரலை அடியில் பற்றி, முதலில் அதன் நீளவாக்கில் மெல்ல இழுங்கள். இழுத்த நிலையிலேயே மேல்நோக்கி வளைத்துப் பத்து நொடி வைத்திருங்கள். ஐந்து முறை போதும். இழுக்காமல் வளைத்தால் மூட்டின் மேல்விளிம்பு ஒன்றோடொன்று இடிக்கும். மேல்புறம் எலும்பு புடைத்து, வளைக்கும்போது ஓரிடத்தில் டக்கென்று முட்டி நின்று வலித்தால், அது மூட்டுத் தேய்மானம். அதைப் பலவந்தமாக வளைத்தால் வீக்கம்தான் மிச்சம். அவர்களுக்கு விரலடியில் எளிதில் வளையாத, அடிப்பகுதி கெட்டியான காலணிதான் முதல் உதவி.

அடுத்து, மெட்டி அணிந்திருப்பவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டு, வலது கால் விரல்களுக்கு இடையே இடது கை விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். விரல் அடிவரை நுழைய வேண்டும். முதல் வாரம் நுனிவரை நுழைந்தாலே போதும். அப்படியே பாதத்தின் முன்பகுதியை இரு திசையிலும் பத்துப் பத்து முறை சுழற்றுங்கள். கூர்முனை ஷூவிலும் இறுக்கமான செருப்பிலும் ஒட்டிக் கிடந்த விரல்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்து அடி எலும்பு பக்கவாட்டில் புடைத்திருப்பவர்களுக்கு, எந்த நீட்டலும் எலும்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவராது. அதை நேராக்கிவிடும் என்று விற்கப்படும் சிலிக்கான் பட்டைகளும் அப்படித்தான். வலி குறையலாம், உரசல் குறையலாம், அவ்வளவே.

கையால் வளைப்பது வேறு, விரல் தானாக அசைவது வேறு. நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதித்து, மற்ற நான்கும் தரையில் இருக்கப் பெருவிரலை மட்டும் தூக்கிப் பாருங்கள். பிறகு பெருவிரல் தரையில் இருக்க நான்கையும் தூக்குங்கள். பலருக்கு முதல் நாள் எதுவும் நகராது. அது பலவீனம் அல்ல, பழக்கமின்மை. கையால் ஒரு விரலை அழுத்திப் பிடித்து உதவி செய்தால் ஒரு வாரத்தில் பிடிபடும். ஒவ்வொன்றும் ஐந்து நொடி, பத்து முறை. அதன் பிறகு விரல்களை மடக்காமலே, பெருவிரல் அடியைக் குதிகாலை நோக்கி இழுப்பதுபோல் பாதத்தைச் சுருக்குங்கள். உள்வளைவு சற்றே உயரும். விரல்கள் சுருண்டால் தப்பு. இதை இரண்டு வாரம் உட்கார்ந்து செய்து, பிறகு நின்று, பிறகு ஒற்றைக் காலில் சுவரைத் தொட்டபடி செய்யலாம். செய்யும்போது உள்ளங்காலில் பிடித்துக்கொள்வது சகஜம். நிறுத்தி, விரல்களை மேல்நோக்கி இழுத்துவிட்டுத் தொடருங்கள்.

எல்லாப் படங்களிலும் வரும் துண்டு சுருட்டும் பயிற்சியை நான் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. அதில் வேலை செய்வது பெரும்பாலும் காலிலிருந்து இறங்கி வரும் நீண்ட மடக்குத் தசைகள். விரல்கள் ஏற்கெனவே கொக்கியாக வளைந்திருப்பவர்களுக்கு அது அந்த வளைவை இன்னும் பழக்கப்படுத்தும். வார் இல்லாத செருப்பை விரலால் கவ்விக்கொண்டே நடப்பவர்கள் நாள் முழுக்க அந்தப் பயிற்சியைத்தானே செய்கிறார்கள்.

நீட்டல் மட்டும் போதுமா என்றால், நாள்பட்ட குதிகால் வலிக்குப் போதாது. டென்மார்க்கில் ராத்லெஃப் குழுவினர் 2014-இல் வெளியிட்ட முறை இது: ஒரு துண்டைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, அதன்மேல் கால்விரல்கள் மேல்நோக்கி வளைந்திருக்கும்படி நின்று, குதியை மூன்று நொடியில் உயர்த்தி, இரண்டு நொடி உச்சியில் நின்று, மூன்று நொடியில் இறக்குவது. ஒற்றைக் காலில் 12 முறை செய்யும் அளவுச் சுமையில் தொடங்கி, சில வாரங்கள் கழித்துப் புத்தகப் பையை முதுகில் மாட்டிச் சுமையைக் கூட்டுவார்கள். தினமும் செய்யாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்ய வேண்டும். பட்டை தேறுவதற்கு அந்த இடைநாள் வேண்டும். மூன்று மாதத்தில் வெறும் நீட்டல் செய்தவர்களைவிட இவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய சமநிலைக்கு வந்துவிட்டார்கள். ஒற்றைக் காலில் முடியாதவர்கள் இரண்டு காலிலும் தொடங்கட்டும். கைப்பிடி இல்லாத படியிலும் ஈரமான வாசற்படியிலும் இதைச் செய்ய வேண்டாம். குதிகாலின் பின்புறத்தில், நாண் எலும்போடு சேரும் இடத்தில் வலி இருப்பவர்கள் குதியைப் படிமட்டத்துக்குக் கீழே இறக்கக் கூடாது. நாண் அங்கே எலும்போடு நசுங்கி வலி கூடிவிடும்.

இங்கே எக்ஸ்ரேயைப் பற்றி ஒரு வார்த்தை. ‘குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது, அது குத்துகிறது’ என்று படத்தைக் காட்டிக் கலங்குபவர்கள் பலர். வலியே இல்லாத எத்தனையோ பேரின் படத்திலும் அந்த முள் இருக்கும். வலி குணமான பிறகும் அது அங்கேயேதான் இருக்கும். அதை வெட்டுவது சிகிச்சை அல்ல. ஸ்டீராய்டு ஊசி வலியைச் சில வாரங்களுக்கு அடக்கும். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் பட்டையே கிழிந்துபோகும் ஆபத்தும், குதியடியில் மெத்தை போலிருக்கும் கொழுப்பு கரையும் ஆபத்தும் உண்டு.

இந்தக் கடிதத்தில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது சர்க்கரை நோயாளிகளைப் பற்றி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பாதப் பயிற்சிப் படத்தைப் பார்க்கும் வாசகர்களில் கணிசமானவர்கள் அவர்கள். நரம்பு பாதித்துப் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, ‘வலித்தால் நிறுத்துங்கள்’ என்ற அறிவுரையால் பயனில்லை. வலிக்காது என்பதுதானே அவர்களுடைய நோயே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட் இதைத்தான் உலகுக்கு எடுத்துச் சொன்னார். விரல்களும் பாதங்களும் அழிவது நோய்க்கிருமி தின்பதால் அல்ல, வலி தெரியாமல் மறுபடி மறுபடி காயப்படுவதால்தான் என்று காட்டினார். இன்று சர்க்கரை நோயாளிகள் வாங்கி அணியும் எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பின் வழி அங்கிருந்து வந்தது.

எனவே பயிற்சிக்கு முன் ஒரு சோதனை. நோயாளி கண்ணை மூடிப் படுத்திருக்கட்டும். வீட்டில் இன்னொருவர் தன் ஆள்காட்டி விரல் நுனியால் வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற வரிசையில் நுனிகளை ஒன்றிரண்டு நொடி லேசாகத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ தேய்க்கவோ கூடாது. தொட்டதும் ‘வலது’, ‘இடது’ என்று அவர் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் மறுபடி தொட்டு வாய்ப்புக் கொடுக்கக் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவரிடம் போக வேண்டும். இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகரில் உருவான சோதனை இது. கருவி எதுவும் தேவையில்லை.

அப்படிப்பட்டவர்கள் சுடுதண்ணீர் பாட்டில், ஐஸ் பாட்டில், முள்முள்ளான மசாஜ் பந்து மூன்றையும் தொடவே வேண்டாம். பூங்காக்களில் எட்டு வடிவ நடைபாதையோடு கூழாங்கல் பதித்த பாதைகளும் இருக்கின்றன. அவற்றில் வெறுங்காலுடன் நடக்கவும் வேண்டாம். கல் குத்திய இடம் இரண்டு நாள் கழித்துப் புண்ணாகும்போதுதான் தெரியவரும். இதற்காக அவர்கள் பயிற்சியே செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. புண் இல்லாத, ஆபத்து குறைவான அல்லது நடுத்தரமான நிலையில் இருப்பவர்களுக்கு 8 முதல் 12 வாரப் பாதப் பயிற்சியைச் சர்வதேச நீரிழிவுப் பாத வழிகாட்டு நெறிகளே ஏற்கின்றன. உட்கார்ந்த நிலையில் கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, வட்டமாகச் சுழற்றுவது, விரல்களை விரிப்பது, கையால் மெல்ல வளைப்பது எல்லாம் அவர்களுக்கு ஏற்றவை. முடித்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். கண் பார்வை குறைந்தவர்களுக்கு வீட்டார் பார்க்க வேண்டும். ஒரு பாதம் மட்டும் சிவந்து, மற்றதைவிடச் சூடாக, வீங்கி இருந்தால், வலியே இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனை. எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அந்தக் காலில் நீட்டலும் கூடாது, நடையும் கூடாது.

நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களைச் சொல்லாமல் விட முடியாது. ஜவுளிக்கடை, நகைக்கடைப் பெண்கள் டைல்ஸ் தரையில் நாள் முழுக்க நிற்கிறார்கள். கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் வந்தது. பயிற்சியை மட்டும் அவர்கள் தலையில் கட்டிவிட்டு நாற்காலியை மறந்துவிடக் கூடாது. உட்காரும் அந்தச் சில நிமிடங்களில் விரல் இழுப்பையும் கணுக்கால் அசைவையும் முடித்துவிடலாம். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும்போது மணிக்கு ஒரு முறை இருபது தரம் குதியைத் தூக்கி இறக்கினால் காலில் தேங்கும் ரத்தம் மேலேறும். குதிகால் வலி உள்ளவர்கள் வீட்டு டைல்ஸ் தரையிலும் வெறுங்காலோடு நடக்காமல், அடி மெத்தென்ற, பின்வார் உள்ள செருப்பு அணிவது நல்லது. செருப்பை இரு முனையிலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் வளைந்தால் வாங்கலாம்; நடுவில் மடிந்தால் வேண்டாம்.

எந்தப் பயிற்சியும் செய்யாமல் மருத்துவரிடம் போக வேண்டியவர்கள் யார் என்பதையும் படத்தோடு போட வேண்டும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாக வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதை நீட்டவோ நீவிவிடவோ கூடாது. பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் ‘டப்’ என்ற சத்தத்தோடு குதிகாலுக்கு மேலே வலித்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால், நாண் அறுந்திருக்கலாம். குதிகால் எலும்பை இரு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தினால் உயிர் போவதுபோல் வலித்தால், எலும்பில் கீறல் இருக்கலாம். இரவில் படுத்திருக்கும்போதும் விடாமல் வலிப்பது, உள்ளங்கால் எரிச்சலோடு முதுகும் வலிப்பது, இரண்டு குதிகாலிலும் வலியோடு காலையில் முதுகு அரை மணிக்கு மேல் விறைத்திருப்பது ஆகியவை வேறு நோய்களின் அறிகுறிகள். விளையாடும் வயதில் எட்டு முதல் பதினான்கு வரையுள்ள பிள்ளைகள் குதிகால் வலி என்று சொன்னால், வளரும் எலும்பின் முனை நொந்திருக்கும். ஓட்டத்தைக் குறைத்து, கெண்டைக்காலை மிதமாக நீட்டினால் சரியாகும். பெரியவர்களுக்கான படிப் பயிற்சி அவர்களுக்கு வேண்டாம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீடு தேடி மாத்திரையும் பிசியோதெரபியும் போகின்றன. சர்க்கரைக்கு மாத்திரை கொடுக்கும் அதே கையால் ஆறு விரல் நுனிகளைத் தொட்டுப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. சுகாதாரத் துறை இதை அந்தப் பணியாளர்களின் வேலையில் சேர்க்க வேண்டும். தங்கள் நாளிதழ் அடுத்த முறை பாதப் பயிற்சிப் படம் வெளியிடும்போது, தொடு சோதனையின் படத்தை முதலிலும், முழங்கால் நீட்டியது மடக்கியது இரண்டையும் தனித்தனியாகவும், எத்தனை நொடி, எத்தனை முறை, எத்தனை வாரம் என்ற மூன்று எண்களோடும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட் ஒருவர்,
திருச்சி.